பானையில் கேட்காத ஆறு

ஜூன் 4

அண்ணா,

இரண்டு வருஷமாக நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. தப்பித்தவறி எடுத்தாலும் "ராங் நம்பர்" என்று உன் சொந்தக் குரலிலேயே சொல்லிவிட்டு வைக்கிறாய். அதனால்தான் கடிதம். கிழிப்பதென்றால் இதை மட்டும் கிழி. கூட இருக்கும் கட்டு உனக்கல்ல, சுண்டெலிக்கு. பதினாலு வயதுப் பெண்ணுக்கு அத்தை அனுப்பியதை அப்பன் கிழிக்கக் கூடாது.

நான் ஒரு நாவல் எழுதுகிறேன். அச்சகத்தில் பகல் முழுக்க மற்றவர்கள் எழுதியதில் பிழை திருத்திவிட்டு, மிச்ச நேரத்தில் என் பிழைகளைச் செய்கிறேன். பிள்ளைகள் பழைய சீனாவைக் கதையாகவே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும், ஆறு, மலை, வீடு, பழக்கவழக்கம் எல்லாம் அதில் வர வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டார். சரி என்று தலையாட்டிவிட்டேன். நான் பார்த்த அதிகபட்ச தூரம் பேருந்தின் கடைசி நிறுத்தம் என்று அவருக்குத் தெரியாது.

கதாநாயகி பெயர் மூன்றாமவள். அங்கே வீட்டில் பிள்ளைகளைப் பிறந்த வரிசையைச் சொல்லியே கூப்பிடும் வழக்கம் உண்டாம். அவள் அப்பா மஞ்சள் ஆற்றுக் கரையில் காவலர். வெள்ளத்தில் அவரைக் காணவில்லை. வெள்ளம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத்தான் போயிருப்பார் என்று நம்பி, அவரைத் தேடி அவள் ஆற்றுக்கு எதிர்த்திசையில் நடக்கிறாள். சமவெளியிலிருந்து மஞ்சள் மண் மேடுகளுக்கு, மண்ணைக் குடைந்து குகை வீடுகளில் வாழ்கிறவர்களிடம், அதற்கும் மேலே புல்வெளிகளுக்கு, ஆறு பிறக்கும் இடம் வரைக்கும். முதல் ஆறு அத்தியாயம் அனுப்பியிருக்கிறேன். படித்துவிட்டு எங்கே கொட்டாவி வந்தது என்று சுண்டெலி எழுத வேண்டும்.

கரைக் காவலர் எப்படி நடப்பார், எங்கே நின்று குனிந்து பார்ப்பார் என்பதெல்லாம் உன்னைப் பார்த்து எழுதியது. பயப்படாதே, இந்தத் தடவை கேலி இல்லை. என் கற்பனை என்று ஒரு வரியும் இல்லை. எல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதியது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை

*

ஜூன் 9

தங்கைக்கு,

அன்புள்ள என்று போடவில்லை. கவனித்துக்கொள்.

உன்னோடு பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ வாரப் பத்திரிகையில் எழுதினாயே, "கரையில் ஒரு புலி". அதை டீக்கடைக்காரர் இன்னும் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். கண்ணாடிச் சட்டம் போட்டு! புதிதாக யார் டீ குடிக்க வந்தாலும் வாசித்துக் காட்டுகிறார். மேல்வீட்டுத் தொட்டி நிரம்பி வழிந்த தண்ணீரைப் பார்த்துக் கரை உடைந்துவிட்டது என்று நான் மணி அடித்தது, ஒருத்தர் முகத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்தது, ஒருத்தி கைப்பிள்ளை என்று தலையணையைத் தூக்கி வந்தது, எல்லாம் நடந்தது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி உனக்குப் போன் செய்து நான் அழுதேனே, அதை நீ சிரிப்புக் கதையாக்கினாய் பார். தெருவில் என் பெயரே போய்விட்டது. "என்ன புலி, எப்ப வருது புலி?" என்றுதான் கேட்கிறார்கள். இன்னொரு தடவை உத்தரவில்லாமல் மணி அடித்தால் வேலை இருக்காது என்று ஆபீஸில் எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

அது போகட்டும். இப்போது புதுக் கூத்து. உன் நான்காவது அத்தியாயத்தில் அந்தப் பெண் பெரிய பானையைக் கரையடியில் கழுத்துவரை புதைத்து, வாயில் தோலை இழுத்துக் கட்டி, அதில் காதை வைத்துக் கேட்கிறாளே, கரைக்குள்ளே தண்ணீர் நகர்ந்தால் கேட்கும் என்று? என் மகள் உன் அண்ணியின் தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் புதைத்துவிட்டாள். தோலுக்கு அண்ணியின் பழைய கைப்பையைக் கிழித்துவிட்டாள். அண்ணி தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்து கத்தினாள் பார், பானை இல்லாமலே ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

சுண்டெலிக்குக் கொட்டாவி வரவே இல்லையாம். இரண்டே நாளில் முடித்துவிட்டாள். எனக்குத்தான் சில சந்தேகம். ஆறு வீட்டுக் கூரையைவிட உயரத்தில் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறாய். காதில் பூ சுற்றாதே. அப்புறம் அந்தப் பானை. நிஜமாகவே அப்படிக் கேட்பார்களா?

அண்ணன்

*

ஜூன் 14

அண்ணா,

எழுதினாயே, அது போதும். திட்டு எத்தனை பக்கம் இருந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

காதில் பூ இல்லை. மஞ்சள் ஆறு மேட்டு நிலத்து மண்ணைக் கரைத்து வருகிறது. சமவெளிக்கு வந்ததும் வேகம் குறைந்து மண்ணைக் கீழே போட்டுவிடுகிறது. அடிமட்டம் ஏறுகிறது. மக்கள் கரையை உயர்த்துகிறார்கள். மறுபடி மண், மறுபடி கரை. இப்படியே நூற்றாண்டுக் கணக்கில் போய், சில இடங்களில் ஆறு ஊருக்கு மேலே தொங்குகிறது. தொங்கும் ஆறு என்றே சொல்கிறார்கள். கரையில் இரும்பில் எருது செய்து வைத்திருந்தார்களாம், ஆற்றை அடக்கி வைக்கும் என்று. ஆயிரம் கல் நீளக் கரையும் ஓர் எறும்புப் புற்றால் உடையும் என்று பழமொழியே இருக்கிறது.

இன்னொரு கதை ஐந்தாவது அத்தியாயத்தில் வருகிறது. முன்னொரு காலத்தில் பெருவெள்ளம். அப்பனை அனுப்பினார்கள். அவன் வானுலகத்திலிருந்து தானாக வளரும் மண்ணைத் திருடி வந்து அணை போட்டு அடைத்தான். ஒன்பது வருஷம் அடைத்தான். தண்ணீர் ஏறிக்கொண்டே போனது, கடைசியில் அவனைக் கொன்றுவிட்டார்கள். பிறகு மகன் வந்தான். அடைக்கவில்லை, வழி வெட்டி விட்டான். பதின்மூன்று வருஷம். வேலை மும்முரத்தில் மூன்று தடவை சொந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போனானாம், உள்ளே நுழையவில்லை. அண்ணி இதைக் கேட்டால் "எல்லா வீட்டிலும் அப்படித்தான்" என்பாள்.

பானையும் நிஜம்தான். சீனர்கள் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே பானையில் காது வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அண்ணிக்கு நான் வேறு பானை வாங்கித் தருகிறேன்.

அடுத்த இரண்டு அத்தியாயம் இணைத்திருக்கிறேன்.

தங்கை

*

ஜூன் 20

தங்கைக்கு,

உன் கடிதம் வந்த மறுநாள் கொத்தனாரிடம் மட்டம் பார்க்கும் ரப்பர் குழாயை இரவல் வாங்கினேன். எதற்கு என்று கேட்டார், கொல்லைச் சுவருக்கு என்று பொய் சொன்னேன். குழாயில் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைச் சுண்டெலி ஆற்றோரத்தில் பிடித்துக்கொள்ள, இடையில் குச்சி நட்டு நட்டுக் கரையைத் தாண்டி வீட்டு வாசல் வரைக்கும் மட்டம் கொண்டுவந்தேன். இருபது வருஷமாக இந்தக் கரையில் நடக்கிறேன். ஒரு நாளும் இதைச் செய்யத் தோன்றவில்லை.

ஆற்றின் அடிமணல் என் வாசற்படிக்கு இரண்டடி மேலே இருக்கிறது. அன்றைய தண்ணீர் மட்டம் சமையலறை ஜன்னலின் மேல்விளிம்பு. சுண்டெலி அந்த உயரத்தில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டுவிட்டாள். இப்போது அடுப்பு முன்னால் நிற்கும்போதெல்லாம் அண்ணி அந்தக் கோட்டைப் பார்க்கிறாள். அழித்துவிடு என்று நான் சொன்னால் "கோட்டை அழிச்சா ஆறு இறங்கிடுமா?" என்கிறாள்.

மேலே மலைப்பக்கம் நல்ல மழை. தினம் ஒரு கையளவு ஏறுகிறது.

இன்னொன்று. துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், கரையடியில், தண்ணீர் கசிகிறது. விரல் பருமன்கூட இல்லை. தெளிவாக, குடிக்கலாம் போல இருக்கிறது. மழைக்காலத்தில் அங்கங்கே இப்படி வருவதுதான். சிமெண்டைக் குழைத்து அடைத்துவிட்டேன். நின்றுவிட்டது.

இருந்தாலும் ஆபீஸுக்கு எழுதிப் போட்டேன். ஜூலை 5ஆம் தேதி இன்ஜினியர் வந்து பார்ப்பாராம். பதில் கொண்டு வந்த பியூன் சிரித்துக்கொண்டே கொடுத்தான். அவனும் உன் கதையைப் படித்திருக்கிறான்.

சுண்டெலி பள்ளிக்கூடம் போகும் முன்னும் வந்த பின்னும் பானையில் காது வைக்கிறாள். ஒரு சத்தமும் இல்லையாம். விளையாட்டுதானே, விட்டுவிட்டேன்.

அண்ணன்

*

ஜூன் 24

அண்ணா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அச்சகத்தில் அட்டைப்படத்தில் தலைகீழாகப் போன எழுத்தைக்கூடக் கவனிக்காமல் விட்டு, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஏன் அடைத்தாய்? அந்த அப்பன் செய்ததையே செய்திருக்கிறாயே. தண்ணீரை இந்தப் பக்கம் அடைத்தால் உள்ளே வேறு வழி தேடும். பழைய ஆற்றுக்காரர்கள் கசிவை அடைக்க மாட்டார்களாம். சுற்றிலும் மண் மூட்டை அடுக்கி, கிணறு மாதிரி வளையம் கட்டி, தண்ணீரை அதற்குள்ளேயே நிற்க விடுவார்களாம். நின்ற தண்ணீரின் கனம் உள்ளிருந்து வருவதைத் தடுக்குமாம். மண்ணும் வெளியே வராதாம். நான் கரைக் காவலி இல்லை, புத்தகத்தில் படித்ததைச் சொல்கிறேன். உனக்குத் தெரியாததா?

ஐந்தாம் தேதி வரைக்கும் காத்திருக்காதே. நேரில் போ. அண்ணியையும் சுண்டெலியையும் அண்ணியின் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடு, பத்து நாளைக்கு. கெஞ்சிக் கேட்கிறேன்.

நேற்று மூன்று தடவை போன் செய்தேன். "ராங் நம்பர்" என்றாவது சொல்வாய் என்று நினைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

தங்கை

*

ஜூன் 28

தங்கைக்கு,

மழையில் போன் செத்துவிட்டது. வேண்டுமென்று எடுக்காமல் இல்லை.

மண் மூட்டை வளையம் எங்கள் ஆபீஸ் புத்தகத்திலும் இருக்கிறது. புத்தகம் இருக்கிறது, மூட்டை இல்லை. பழைய சாக்கு பன்னிரண்டு கிடைத்தது, கட்டினேன். கல்லுக்குப் பக்கத்தில் அது தாங்குகிறது. ஆனால் நேற்றுக் காலை சமையலறை மூலையில் தரை ஈரம். துடைத்தால் மறுபடி ஈரம். சாயங்காலம் மின்கம்பத்தடியில் இன்னொன்று, சின்ன ஊற்று மாதிரி. தண்ணீர் கொஞ்சம் நிறம் மாறியிருக்கிறது. லேசாக டீ மாதிரி. மழைத் தண்ணீர் கலந்திருக்கும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்று ராத்திரி நாலு தடவை எழுந்து போய்ப் பார்த்தேன், அண்ணி தூங்குகிற மாதிரி படுத்திருந்தாள். நேரில் போய் இன்ஜினியரைப் பார்த்தேன். "உங்களுக்கு இந்தச் சீசன்ல பயம் வர்றது வழக்கம்தானே?" என்றார். வெளியே வந்து மணிக்கூண்டு வரைக்கும் போனேன். கயிற்றைக் கையில் பிடித்தேன். எதிரே டீக்கடை வாசலில் நாலு பேர் என்னையே பார்த்தார்கள். ஒருத்தர் தலையணையைத் தூக்குவது மாதிரி நடித்துக் காட்டினார். கயிற்றை விட்டுவிட்டு, மணியைத் துடைக்க வந்தவன் மாதிரி துண்டால் துடைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆற்றைவிடச் சிரிப்புக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அண்ணியைப் போகச் சொன்னேன். "புலி பொண்டாட்டிதான் முதல்ல ஓடினாள்னு சொல்றதுக்கா? செத்தாலும் இங்கேதான்" என்கிறாள். அவள் போகாமல் சுண்டெலியும் போக மாட்டாள்.

இப்போது எனக்கு இருக்கும் ஒரே தைரியம் உன் பானைதான். சிரிக்காதே. ஒரு வாரமாக நானும் கேட்கிறேன். தினம் மூன்று வேளை, சுண்டெலி பள்ளிக்கூடம் போன பிறகு, யாரும் பார்க்காமல் குப்புறப் படுத்துக் காதை வைக்கிறேன். ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. கல்லறை மாதிரி அமைதி. கரைக்குள்ளே தண்ணீர் நகர்ந்தால் கேட்க வேண்டுமே? இரண்டாயிரம் வருஷமாகச் செய்திருக்கிறார்கள், கற்பனை ஒரு வரியும் இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். பானையில் சத்தம் கேட்ட நிமிஷம் மணி அடித்துவிடுவேன், வேலை போனாலும் சரி. அதுவரைக்கும் பொறுத்துப் பார்க்கிறேன்.

அண்ணன்

*

தந்தி. ஜூலை 1, காலை 11.10

பானை பொய். நான் கட்டிய கதை. கலங்கல் என்றால் கரை உள்ளே கரைகிறது. உடனே மணி அடி. தங்கை.

*

ஜூலை 1

அண்ணா,

தந்தி கொடுத்துவிட்டுத் தபால் ஆபீஸ் பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். வழியில் கம்பி அறுந்திருக்கலாம், கொடுக்க முயற்சி செய்கிறோம் என்கிறார் குமாஸ்தா. நாலு தடவை கேட்டுவிட்டேன். "அம்மா, நானே ஓடிப் போய்க் கொடுக்க முடியுமா?" என்று எரிந்து விழுந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

அண்ணா, பானை சீனர்களுடையதுதான். ஆனால் ஆற்றுக்கு இல்லை. கோட்டையை முற்றுகை போடும்போது எதிரி சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டுகிறானா என்று கேட்க உள்ளே பானையைப் புதைத்துக் காது வைப்பார்கள். கடப்பாரைச் சத்தம் கேட்கும். நான் நூலகத்தில் படித்தது அதைத்தான். படித்ததும் அந்தப் பெண் இருட்டில் கரையடியில் பானையில் காது வைத்திருப்பது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அழகாக இருந்தது. கோட்டையை எடுத்துவிட்டு ஆற்றை வைத்துவிட்டேன். அவ்வளவுதான். தண்ணீர் கடப்பாரை எடுத்துக்கொண்டா வருகிறது? அது சத்தம் போடாமல் ஒரு மணல், ஒரு மணலாக எடுத்துக்கொண்டு போகும்.

நீ கேட்டபோது சொல்லியிருக்கலாம். "நிஜமாகவே கேட்பார்களா?" என்று எழுதினாய். கற்பனை ஒரு வரியும் இல்லை என்று பீற்றிக்கொண்ட பிறகு எப்படி ஒப்புக்கொள்வது? மறுபடியும் பொய்க்காரி என்று சொல்வாய் என்று பயந்தேன். இரண்டாயிரம் வருஷம் என்று சாமர்த்தியமாக ஒரு வாக்கியம் எழுதிவிட்டேன். ஊரார் எழுத்தில் ஒற்றுப்பிழை பார்க்கிறவள் நான்.

நிஜமான அடையாளம் ஒன்றுதான். கசிவு தெளிவாக இருந்தால் கண்காணிக்கலாம். கலங்கி வந்தால் கரையின் மண்தான் வெளியே வருகிறது. பிறகு எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்குப் போட முடியாது. டீ மாதிரி என்று நீ மூன்று நாளைக்கு முன்னாலேயே எழுதியிருக்கிறாய்.

நான் முதலில் ஒரு கதை எழுதினேன், அதனால் உன்னால் மணி அடிக்க முடியவில்லை. இரண்டாவது கதை எழுதினேன், அதனால் அடிக்க வேண்டாம் என்று இருக்கிறாய். மணியை அடி அண்ணா. தெரு சிரிக்கட்டும். மணி பொய்யாகப் போனால் நானே வந்து டீக்கடை வாசலில் நின்று, இவர் புலி இல்லை, நான்தான் என்று சொல்கிறேன்.

உன் பக்கம் வரும் பேருந்துகள் எல்லாம் நின்றுவிட்டன. நடந்தாவது வந்துவிட மாட்டேனா என்று இருக்கிறது.

தங்கை

*

ஜூலை 8

அன்புள்ள தங்கைக்கு,

பள்ளிக்கூடத்து மாடியில் இருக்கிறோம். சுண்டெலியின் வகுப்பறைதான் எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணி நலம். சுண்டெலி நலம். நானும்தான். அதை முதலில் எழுதிவிட்டேன், இனி மெதுவாகப் படி.

உன் தந்தி வந்தது. ஒன்றாம் தேதி மூன்றரை மணிக்கு, தந்திக்காரர் முழங்கால் தண்ணீரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. தந்தியில் இருந்ததே போதுமாக இருந்தது.

நான் அப்போது கொல்லையில் குப்புறப் படுத்துப் பானையில் காதை வைத்திருந்தேன். "சார், தந்தி" என்று அவர் முதுகுப் பக்கம் நின்று சொன்னார். படித்தேன். மறுபடி குனிந்து ஒரு தடவை கேட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அமைதியாகத்தான் இருந்தது. என் வாழ்நாளில் எந்தச் சத்தத்துக்கும் நான் அப்படிப் பயந்ததில்லை.

மணி அடித்தேன். நீ நினைத்தது மாதிரியே நடந்தது. ஜன்னல்கள் திறந்தன, சிரிப்புக் கேட்டது. "புலி வந்துடுச்சு டோய்!" யாரும் படி இறங்கவில்லை. நான் அடித்துக்கொண்டே இருந்தேன். கை தோல் உரிந்துவிட்டது.

சுண்டெலிதான் டீக்கடைக்கு ஓடினாள். ஒரு கண்ணாடி டம்ளரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய், மின்கம்பத்தடி ஊற்றில் மொண்டு வந்து, கடை மேஜைமேல் வைத்தாள். டீக்கடைக்காரர் பார்த்தார். "பரவாயில்லையே, பால் கொஞ்சம் கம்மியா இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. "அடியிலே பாருங்க மாமா" என்றாள். டம்ளரின் அடியில் ஒரு விரற்கடை மண் இறங்கிக்கொண்டிருந்தது. "இது எங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற கரை. நிமிஷத்துக்கு இவ்வளவு போகுது."

சிரிப்பு நின்றது. மணியை நம்பாதவர்கள் அந்த டம்ளரை நம்பினார்கள். அப்புறம் கதவு கதவாகத் தட்டினோம். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினேன், திரும்பினேன், மறுபடி ஓடினேன். மூன்று தடவை நம் வீட்டு வாசலைத் தாண்டினேன். உள்ளே போகவில்லை. உன் சீனக்காரன் நினைவுக்கு வந்தான். அவன் கல்நெஞ்சக்காரன் என்று நினைத்திருந்தேன். இல்லை, உள்ளே நுழைந்தால் கால் மறுபடி வெளியே வராது என்று அவனுக்குப் பயம். அண்ணி எப்போதோ வெளியே வந்து, பக்கத்து வீட்டுக் கிழவரைத் தையல் மெஷின் வைத்திருந்த தள்ளுவண்டியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். மெஷினை எடுத்துக் கீழே வைத்துவிட்டு.

கடைசியாக டீக்கடை. கடைக்காரர் வாசலில் ஒரு காலை வெளியே வைத்துவிட்டார். "வாங்க, வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தேன். "அடுப்பை அணைச்சுட்டு வரேன். எரியிற அடுப்பை விட்டுட்டு எப்படிப்பா வர்றது? நீ முன்னால போ புலி" என்றார். அந்தத் தடவை அவர் சொன்ன "புலி"யில் கேலி இல்லை. நான் போனேன். மேட்டுக்கு ஏறித் திரும்பிப் பார்த்தபோது மின்கம்பம் சாய்ந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை. கம்பம் சாய்ந்த பிறகுதான் கரை உடையும் சத்தம் வந்தது.

இங்கே வந்து தலை எண்ணினோம். தெருவில் இருநூற்றுப் பதினொரு பேர். இருநூற்றுப் பத்து இருக்கிறோம். ஆறு நாள் தேடி, நேற்றுத்தான் அவரைக் கண்டுபிடித்தார்கள்.

உன் கடிதத்தில் கதை ஒன்று, கதை இரண்டு என்று கணக்கு எழுதியிருக்கிறாய். அந்தக் கணக்கை நானும் இங்கே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். பானையைப் பொய்யாக எழுதியது நீ. அதை மெய் என்று நம்ப ஆசைப்பட்டது நான். டீ நிறத் தண்ணீர் என்ன சொல்கிறது என்று இருபது வருஷம் கரையில் நடந்தவனுக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் உன்னிடம் மழைத் தண்ணீர் என்று எழுதினேன். மூன்று நாள் முன்னால் அடித்திருந்தால் அவருக்கு அடுப்பை அணைக்க நேரம் இருந்திருக்கும். உன் பங்கை நீ வைத்துக்கொள், என் பங்கை நான் வைத்துக்கொள்கிறேன். யாருக்கு அதிகம் என்று சண்டை வேண்டாம்.

இப்போது யாரும் என்னைப் புலி என்று கூப்பிடுவதில்லை. ஐயா என்கிறார்கள். யாராவது ஒருத்தர் பழைய மாதிரி கூப்பிட்டால் தேவலை என்று இருக்கிறது.

மூன்றாமவளின் அப்பா கிடைத்தாரா என்று சுண்டெலி கேட்கிறாள். தெரியாது, அத்தைக்குத்தான் தெரியும் என்றேன். பானையை எடுத்துவிடாதே என்றும் சொல்லச் சொன்னாள். அந்தப் பெண் காது வைத்துக் கேட்கட்டுமாம், ஒன்றும் கேட்காமல் போகட்டுமாம். அங்கிருந்து அவள் என்ன செய்கிறாள் என்பதை எழுதச் சொல்கிறாள்.

பேருந்து நாளை மறுநாள் ஓடுமாம். வா. மிச்ச அத்தியாயங்களைக் கொண்டு வா. எதிரே உட்கார்ந்து திட்ட வேண்டியது கொஞ்சம் பாக்கி இருக்கிறது, கடிதத்தில் அது சரியாக வராது.

இங்கே நல்ல தண்ணீர்தான் கொடுக்கிறார்கள். லாரியில் வருகிறது. ஆனாலும் சுண்டெலி ஒவ்வொரு டம்ளரையும் ஜன்னலுக்கு நேரே தூக்கி, அடியில் ஏதாவது இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறாள். நான் கேலி செய்வதில்லை. அவள் குடித்து முடித்ததும் என் டம்ளரையும் அவளிடம் நீட்டுகிறேன்.

உன் அண்ணன்